கூட்டிச் சொன்ன நொடி

பயிற்சியின் முதல் நாள். நூறு மீட்டரை ஓடி முடித்த தம்பி மூச்சிரைக்கக் கேட்டான்: "எவ்வளவுண்ணே?"

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தான். "பதினாலு நொடி. நான் பன்னெண்டரை. கம்பெனி ஓட்ட அணியில நம்ம ரெண்டு பேருக்கும் காலியிருக்கறது ஒரே இடம்டா. உன்னைப் பாத்தா ஆமைகூடச் சிரிக்கும்."

தம்பி முட்டியை இடுப்புவரை தூக்கி, நுனிக்காலை ஊன்றி, முழங்கையை மடக்கி வீசி மறுபடி பழகினான். மூன்று மாதம் பழகியும் அண்ணன் சொன்ன நேரம் பதினாலை விட்டு இறங்கவில்லை.

அணித் தேர்வு ஓட்டத்தில் தம்பிதான் முதல். நடுவர் சொன்ன நேரம் பன்னிரண்டு நொடி.

தம்பி அண்ணனைக் கட்டிக்கொண்டான். "முதல் நாளே பதிமூணுன்னு வந்திருந்தா, இது போதும்னு அசந்திருப்பேண்ணே!"

முதல் நாள் கடிகாரம் காட்டியது பதிமூன்றுதான். தம்பி மனம் உடைந்து விலகட்டும் என்று ஒரு நொடியைக் கூட்டிச் சொன்னது அண்ணன்தான்.