கோல் அடிக்கும் கட்டைவிரல்

கால்பந்து மாட்ச் இப்போதுதான் முடிந்திருக்கிறது. சிகிச்சை அறையின் ஜன்னல் வழியே வரும் மாலை வெயில், கட்டிலில் நீட்டியிருக்கும் இரண்டு கால்களின் மேல் விழுகிறது. கிளப் செயலாளர் அந்தக் கால்களைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறார். "இது வெறும் காலில்ல தம்பி, நம்ம கிளப்போட கௌரவம்!" கௌரவத்தின் நுனியில் சாக்ஸ் கிழிந்து ஒரு விரல் எட்டிப் பார்க்கிறது. கால்களுக்குச் சொந்தக்காரனான முன்கள ஆட்டக்காரன் பவ்யமாகத் தலையாட்டுகிறான். கண் மட்டும் தன் வலது கையை விட்டு அகலவில்லை. கீழே விழுந்தபோது எவனோ பூட்ஸால் மிதித்த கட்டைவிரல், கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடக்கிறது. நாளைக் காலை வீடியோ கேம் கால்பந்துப் போட்டியில் அவனுக்கு அரையிறுதி. அங்கே பந்தை வலைக்குள் அனுப்புவது இந்த விரல்தான்.

பிசியோதெரபிஸ்ட் அக்கா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார்.

"கால்ல ஒண்ணுமில்லையே?" என்கிறார் செயலாளர்.

"கால்ல அடியே படல சார். கையிலதான்."

"அப்ப அடியே இல்லன்னு சொல்லுங்க!" தீர்ப்பு வழங்கிவிட்டு, தலைமுடியைக் கோதிக்கொண்டு பேட்டி கொடுக்கப் போகிறார். கதவு சாத்திக்கொள்கிறது.

"அக்கா... விரலு?" அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது.

"எலும்பு முறியலடா. வெறும் வீக்கம். ஐஸ் வை, நாளைக்குத் தாராளமா ஆடு."

அடக்கி வைத்திருந்த மூச்சு மொத்தமும் வெளியேற, அவன் தலையணையில் சரிகிறான். கண்ணை மூடி, இல்லாத பொத்தானைக் காற்றில் மெல்ல அழுத்துகிறான். வலிக்கிறது. ஆனால் விரல் மடங்குகிறது.

"கோல்!" என்கிறான்.

"இந்த சீசன்ல இந்த மைதானத்துல நீ அடிச்ச முதல் கோல்டா இது."

கோபப்படக்கூடத் தோன்றாமல், அவன் வாய்விட்டுச் சிரிக்கிறான்.