பதினொன்றரை மணி வேன்

"திரும்பிப் பார்க்காதீங்க மேடம். உங்க மாமியார் கண்ணு உங்க மேலயேதான் இருக்கு," என்று காதோரம் சொன்னாள் சுல்மீரா, கிளாரிஸின் தோளில் எண்ணெய் தேய்த்தபடி.

மசாஜ் மேஜையில் கிளாரிஸ் குப்புறப் படுத்திருந்தாள். அடுத்த மேஜையில் மாமியார் டோனா ஹெர்மீனியா. நடுவே ஒரு திரை. அதையும் பாதி விலக்கி வைக்கச் சொல்லியிருந்தாள்.

போர்ச்சுகலின் தென்கரையில் உள்ள அந்த கோல்ஃப் விடுதிக்கு அவர்கள் வந்து நான்கு நாளாகிறது. கிளாரிஸின் கணவன் துவார்த்தே காலையிலேயே தன் வியாபாரக் கூட்டாளிகளோடு ஆடப் போய்விடுவான். பதினெட்டுக் குழிகளையும் முடித்துத் திரும்ப மதியமாகிவிடும். அதுவரை மனைவியைக் கண்காணிக்கும் வேலையை அம்மாவிடம் ஒப்படைத்திருந்தான். கிளாரிஸின் கைபேசியும் அடையாள அட்டையும் அவனிடம்தான் இருந்தன.

இரண்டாம் நாளே சுல்மீரா கேட்டுவிட்டாள். "முதுகுல இருக்கறது விழுந்த காயம் இல்லதானே?"

மேஜையில் முகம் வைக்கும் துளை வழியே கிளாரிஸின் கண்ணீர் தரையில் சொட்டியது. அதுவே சுல்மீராவுக்குப் போதுமாக இருந்தது.

ஈரத் துண்டுகளை ஏற்றிக்கொண்டு சலவை வேன் தினமும் பதினொன்றரைக்குப் பின்வாசலிலிருந்து புறப்படும். ஓட்டுவது சுல்மீராவின் தங்கை. லூலே ஊரில் பெண்களுக்கு ஒரு காப்பகம் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை. நாளைக் காலை அறையைக் காலி செய்கிறார்கள்.

மணி பத்து ஐம்பது. ஹெர்மீனியாவின் கைபேசி ஒலித்தது.

"சொல்லுப்பா. ஆமா, இங்கதான் இருக்கா, என் பக்கத்துலயே. எங்க போயிடப் போறா? நான் பார்த்துக்கறேன்."

பேசி முடித்துவிட்டு மருமகள் பக்கம் திரும்பினாள். "இன்னிக்கு அவனுக்கு ஆட்டம் சரியில்லையாம். கோபமா இருக்கான்."

ஆட்டம் சரியில்லாத நாளில் அறைக் கதவு சாத்தப்படும் சத்தம் கிளாரிஸுக்கு நன்றாகத் தெரியும்.

"பெரிய மேடம், உங்களுக்கு அடுத்தது களிமண் பூச்சு. பக்கத்து அறைக்கு வாங்க," என்றாள் சுல்மீரா.

"இவ?"

"இவங்களுக்கு இன்னும் முதுகு முடியல."

"நான் வர்ற வரைக்கும் இவ இந்த மேஜையை விட்டு இறங்கக் கூடாது. புரிஞ்சுதா?"

ஹெர்மீனியா மேலங்கியைச் சுற்றிக்கொண்டு கைப்பையை எடுத்தாள். வாசலில் நின்று மருமகளை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுப் போனாள்.

இருபது நிமிடம் கழித்து சுல்மீரா தனியாகத் திரும்பி வந்தாள். கையில் ஊழியர்கள் போடும் சாம்பல் நிறச் சீருடை.

"எழுந்திரு பொண்ணே. இதைப் போட்டுக்கோ."

"அத்தை கத்தி ஊரைக் கூட்டிடுவாங்க சுல்மீரா."

"அவங்களப் பத்தின கவலை உனக்கு வேண்டாம். கூடையைத் தூக்கு. வராந்தா முடியற இடத்துல இடது பக்கம். ஓடாதே, நட."

கிளாரிஸ் துண்டுக் கூடையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு நடந்தாள். பாதி வராந்தா கடந்த பிறகுதான் கவனித்தாள், காலில் விருந்தாளிகளுக்குத் தரும் வெள்ளைச் செருப்பு. திரும்பிப் போக நேரமில்லை.

அப்போது எதிர்க் கதவு திறந்தது. துவார்த்தே.

தொப்பியைக் கையில் கசக்கியபடி வேகமாக வந்தான். ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டான் போலிருந்தது. கிளாரிஸ் சுவரோரமாக ஒதுங்கித் துண்டுகளுக்குள் முகத்தைப் புதைத்தாள்.

அவன் அவளருகே நின்றான்.

"ஏய், மசாஜ் அறை எந்தப் பக்கம்?"

குரல் கொடுத்தால் தீர்ந்தது. கூடையைத் தாங்கிய விரல்களில் ஒன்றை மட்டும் நீட்டி வலது பக்கம் காட்டினாள். அந்தப் பக்கம் நீராவி அறைகள்.

"வாயில கொழுக்கட்டையா?" என்று உறுமிவிட்டு அவன் வலப்பக்கம் திரும்பிப் போனான். வேலைக்காரர்களின் முகத்தை அவன் என்றைக்குமே பார்த்ததில்லை.

அவள் நடந்தாள். பிறகு ஓடினாள். ஒரு செருப்பு கழன்று எங்கோ விழுந்தது.

பின்வாசலில் வேன் இரைந்துகொண்டு நின்றது. ஓட்டுநர் இருக்கையிலிருந்த பெண், "பின்னால ஏறு, சீக்கிரம்," என்றாள். பாதி திறந்திருந்த கதவு வழியே கிளாரிஸ் ஈரத் துணி மூட்டைகளுக்கு இடையே ஏறி விழுந்தாள்.

இருட்டில் ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

டோனா ஹெர்மீனியா. மூட்டைகளின் மேல், கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு பொட்டுக் களிமண் இல்லை.

"அத்தை, உங்க கால்ல விழறேன். என்னைத் திரும்பக் கூட்டிட்டுப் போகாதீங்க."

"கதவைச் சாத்து," என்றாள் ஹெர்மீனியா. "உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா உன் மூஞ்சியே காட்டிக் கொடுத்திருக்கும். சுல்மீரா முதல்ல பார்த்தது என் முதுகைத்தான்."