விளக்கு எரியாத பெட்டி

தென்னாப்பிரிக்காவின் உம்லாசியில், அடக்கம் முடிந்து வந்தவர்கள் வாசல் வாளியில் கை கழுவிக்கொண்டு முற்றத்துக்குள் நுழைகிறார்கள். ஊர் வழக்கப்படி இனி அழுகை கிடையாது, இறந்த லுவாண்டிலேவுக்குப் பிடித்த பாட்டுதான். பாட்டுப் போடவேண்டிய பெகானியின் முன்னால் டிஜே மிக்சர் ஒரு விளக்குகூட எரியாமல் கிடக்கிறது. அதைத் தேடித் தேடி லேப்டாப்பும் உறைந்து நிற்கிறது. வெயில் விழுந்த திரையில் அவனுடைய வியர்த்த முகம்தான் தெரிகிறது. ஒயரைப் பிடுங்குகிறான், ஊதுகிறான், மறுபடி செருகுகிறான். அப்டேட் செய்யவா என்று நேற்று லேப்டாப் கேட்டபோது எதையும் பார்க்காமல் சரி என்று அழுத்திவிட்டான். இத்தனை வருஷமாக அதையெல்லாம் பார்த்துக்கொண்டது கூட்டாளி லுவாண்டிலேதான். "என்னப்பா, செத்தது அவனா, உன் பெட்டியா?" என்கிறார் கையில் பீரோடு பக்கத்து வீட்டு மாமா. லுவாண்டிலேயின் அம்மா மாந்துலி ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் நிற்கிறாள். "பாட்டு எங்கடா கண்ணு?"

"ஒரு நிமிஷம்மா." போனை ஸ்பீக்கரில் செருகுகிறான். பாட்டெல்லாம் லுவாண்டிலே அனுப்பியவை; சாவுக்குப் பிறகு திறக்கவே பயந்த அவனுடைய வாட்ஸ்அப் பக்கத்தில் இருக்கின்றன. அவசரத்தில் விரல், கேட்காமல் விட்ட கடைசிக் குரல்பதிவில் பட்டுவிடுகிறது. முற்றம் முழுக்க லுவாண்டிலே பேசுகிறான்: "டேய் மடையா, லேப்டாப்புக்குப் புது அப்டேட் வந்திருக்கு. அதோட வேலை செய்யற மிக்சர் லிஸ்ட்டைப் பார்த்தேன், நம்மளோட பேரு இன்னும் வரல. நான் சொல்ற வரைக்கும் கை வெச்சிடாத. கேட்டியா?" பீர் கோப்பைகள் பாதி வழியில் நிற்கின்றன. "கேக்கறான்ல," என்கிறாள் மாந்துலி, "பதில் சொல்லுடா."