பாசித் தொட்டிக்குள் குளிசை

"ஆர் இதுக்குள்ள குளிசை போட்டது?"

சிந்துஜன் போட்ட சத்தத்தில் மதிலில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது.

நேற்றுவரை பச்சைப்பசேலென்று இருந்த பாசி, கண்ணாடித் தொட்டிக்குள் மஞ்சளாகிக் கிடந்தது. அடியில் பாதி கரைந்த வெள்ளை மருந்துக் குளிசைகள்.

விசயம் இதுதான். பக்கத்துத் தனியார் கிளினிக்கின் கழிவுத் தண்ணீரில், நோயாளிகள் குடித்த மருந்தெல்லாம் கலந்து வரும். அது அப்படியே துறைமுகத்துக் கடலில் விழக்கூடாது என்றுதான் இந்தத் தொட்டி. கொஞ்சம் கொஞ்சமாய் வருகிற மருந்தைப் பாசி இழுத்துக்கொள்ளும். அள்ளிக் கொட்டினால் பாசியே செத்துப்போகும்.

கிளினிக்கில் இடமில்லை. அதனால் குழாய் இழுத்து, தொட்டியைத் தம்பிராசாவின் வீட்டு வளவில் வைத்திருந்தார்கள். நாள்தோறும் வந்து அதைப் பராமரிப்பது சிந்துஜனின் வேலை. பெண்சாதி செத்த பிறகு அந்த வீட்டில் அவர் ஒருத்தர்தான்.

இன்னொரு முறை பாசி செத்தால் வேலையை விட்டுப் போகலாம் என்று அவனுடைய மேலதிகாரி நிப்றாஸ் சேர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"கிளினிக்காரர்தான் திகதி முடிஞ்ச குளிசையைக் கொண்டுவந்து கொட்டியிருப்பினம். நீங்கள் காணேல்லையோ ஐயா?"

விறாந்தைக் கதிரையில் இருந்த தம்பிராசா தலையை ஆட்டினார்.

"அவையளை ஏசாதையும் தம்பி. நான்தான் போட்டனான்."

"நீங்களோ? உங்களுக்கென்ன விசரோ?"

"கோவிக்காதையும்."

"கோவிக்காமல்? என்ர வேலையெல்லோ போகப்போகுது! இதென்ன மீன் வளர்க்கிற தொட்டியோ, தீன் போட?"

தம்பிராசா சிரிக்கப் பார்த்தார். சரிவரவில்லை.

போன் அடித்தது. நிப்றாஸ் சேர். சிந்துஜன் சொல்லி முடிக்க முதலே அவர் கத்தத் தொடங்கிவிட்டார்.

"எனக்கு அப்பவே தெரியும், அந்தாள்ட வளவு சரிவராதெண்டு. ஓட்டோ அனுப்புறன். தொட்டியக் கழட்டி ஏத்திட்டு வா. அவரோட கதைச்சிட்டு நிக்காத, வெளங்கிச்சா?"

"ஓம் சேர்."

சிந்துஜன் குழாயைக் கழற்றத் தொடங்கினான். கோபம் இன்னும் அடங்கவில்லை.

"எங்கால உங்களுக்கு இவ்வளவு குளிசை?"

"கால் புண்ணுக்கு டொக்டர் தந்தது."

சிந்துஜன் திரும்பினான். ஒவ்வொரு நாளும் இந்த வளவுக்கு வந்து போகிறவன், அவருடைய காலை அன்றைக்குத்தான் பார்த்தான். சீனி வருத்தக்காரரின் கால். சுற்றியிருந்த துணி ஊறிப்போயிருந்தது. பெருவிரல் கறுத்திருந்தது.

"அப்ப நீங்கள் குடிக்கேல்லையோ?"

"முதல்ல குடிச்சனான். மிச்சம் அதுக்கு."

"காலை எடுக்க வேண்டி வரும் ஐயா! ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?"

தம்பிராசா தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பாசி பச்சையா இருந்தால் நீர் சோதிக்கிறதுக்குப் போத்தலில தண்ணியை அள்ளிக்கொண்டு ஓடிடுவீர். போன மாசம் வெயிலுக்கு மஞ்சளாகேக்க, பொழுதுபடும் வரைக்கும் இதில இருந்தனீர். தேத்தண்ணி குடிச்சனீர். நான் சீனன்குடா எண்ணெய்த் தாங்கியடியில வேலை செய்த கதையெல்லாம் கேட்டனீர். வேற ஆர் தம்பி இந்த வளவுக்க வாறது?"

சிந்துஜன் கழற்றிய குழாயைக் கீழே வைத்தான்.

ஓட்டோ வந்து வாசலில் நின்றது. சாரதி தலையை நீட்டினான்.

"என்னத்தையோ ஏத்தச் சொன்னாங்க. எங்க சாமான்?"

தொட்டியை ஏற்றிக்கொண்டு வா, அந்தாளோடு கதைத்துக்கொண்டு நிற்காதே என்றுதான் சேர் சொன்னவர்.

சிந்துஜன் தம்பிராசாவைக் கைத்தாங்கலாய்ப் பிடித்து ஓட்டோவில் ஏற்றினான். பெரியாஸ்பத்திரி போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் வாய் மூடவில்லை.