நுழையாமல் வந்தவள்

கூழ் ஊற்றும் விழாவுக்கு மாநகராட்சி நானூறு பேருக்குத்தான் அனுமதி தந்திருந்தது. நுழையும்போது கையில் கட்டிய பட்டையைக் காட்டினால்தான் மைதானத்தின் தானியங்கிக் கதவு வெளியே விடும். கூழ் குடிக்க வந்த குமுதினிக்குப் பந்தலிலேயே பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸ் வெளியே நின்றது.

“குழந்தை நுழைந்ததற்குப் பதிவு இல்லை. வெளியேற முடியாது,” என்றது கதவு.

“பொறந்த புள்ள எந்த வாசல் வழியா நுழையும்னு உனக்குத் தெரியாதா, கட்டையில போற கதவே!” என்று கத்தினாள் பிரசவம் பார்த்த மாமியார்.

விழாப் பொறுப்பாளர் பூங்கோதை தன் பட்டையைக் கழற்றிக் குழந்தையின் காலில் சுற்றினாள். கதவு திறந்தது.

மாலையில், “நானூறு பேரும் வெளியேறிவிட்டார்கள். மைதானம் காலி,” என்று அறிவித்துவிட்டுக் கதவு பூட்டிக்கொண்டது. பூங்கோதை காலிக் கூழ்ப்பானைகளுக்கு நடுவே நின்றாள். இனி அடுத்த விழாவுக்கு அனுமதி கிடைத்தால்தான் கதவு திறக்கும். அந்த விண்ணப்பத்தில் பொறுப்பாளர் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.