தாழ்ச்சியான கடிதம்

பங்குச் சாமியாராக இருந்த கிழட்டுக் கடாவுக்கு எழுபத்தைந்து வயது நிறைய ஒரு மாதம் இருந்தது. அந்த வயதில் ஆயருக்கு விலகல் கடிதம் எழுதுவது முறை. "இன்னும் சில ஆண்டுகள் இருங்கள்" என்று ஆயர் பதில் எழுதுவதும் முறைதான். அதை நம்பிக் கடா அடுத்த வருஷத் திருவிழாவுக்குப் புதுச் சப்பரமே சொல்லி வைத்திருந்தது.

கடா சொல்லச் சொல்ல, கோயில் வேலைகளில் அதற்குத் துணையாக இருந்த உபதேசியார் காகம் எழுதியது.

"கண் மங்கல், மறதின்னு போட்டாச்சு. போதுமா சாமி?"

"பங்கை நடத்துற தகுதி எனக்கு என்னைக்குமே இருந்ததில்லைன்னும் போடும். தாழ்ச்சி தெரிய வேண்டாமா?"

எட்டாம் நாளே ஆயர் யானையின் பதில் வந்தது. "தாங்கள் எழுதியது முற்றிலும் சரி. முதிய குருக்கள் இல்லத்தில் அறை தயார். ஞாயிறு பூசைக்குப் புதியவர் வருவார்."

கடா கடிதத்தை மேசைமேல் எறிந்தது. "ஒரு பேச்சுக்கு எழுதினதை அப்படியே நம்பிட்டாரே! இருபது வருஷத்துல ஒரு ஆடாவது என்னைக் குறை சொல்லியிருக்குமா?"

காகம் தொண்டையைச் செருமியது.

"ஆடுகளும் வருஷாவருஷம் இதையேதான் எழுதிப் போட்டுச்சு, சாமி. ஆயர்தான் நம்பல. இப்ப நீங்களே சொல்லவும் நம்பிட்டார்."