காந்தம் ஒட்டாத இடம்

"பெயிண்டே போதும் அத்தை. பவுடர் கோட்டிங் எல்லாம் எதுக்கு, வீண் செலவு!"

மருமகள் காலையிலிருந்து இதையே நாலாவது தடவையாகச் சொல்கிறாள்.

"சைக்கிள் எங்கம்மாவுது, காசும் எங்கம்மாவுது. உனக்கு எங்கே வலிக்குது?" என்று சிரித்தான் கணவன். "இப்படி ஒரு கஞ்சப் பிசினாரின்னு கல்யாணத்துக்கு முன்னாடி யாரும் என்கிட்ட சொல்லலையே!"

மாமியார் சிரிக்கவில்லை.

"இருபத்தாறு வருஷம் என்னை ஆஸ்பத்திரி வேலைக்குச் சுமந்துட்டுப் போன வண்டிம்மா இது. இவனைக்கூட நான் தொட விட்டதில்லை. ரிட்டயர் ஆன பிறகாவது அதுக்கு நல்லதா ஒரு சட்டை போட்டு அழகு பார்க்கறேனே. பெயிண்ட் ரெண்டு மழைக்கு உரிஞ்சிடும். பவுடர்னா ஆயுசுக்கும் நிக்கும்."

அதற்கு மேல் வாதாடினால் சந்தேகம் வரும். மருமகள் அத்தோடு விட்டுவிட்டாள்.

அவளுக்கு வலித்தது உண்மைதான், ஆனால் காசுக்காக இல்லை. கல்யாணமாகி வந்த மூன்றாவது வாரம், மாமியார் வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து, அந்தச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு ரவுண்டு போனாள். தெருமுனை விளக்குக் கம்பத்துக்கு நேராகப் போய் ஒரு முத்தம். ஹேண்டிலுக்குக் கீழே குழாய் அமுங்கிவிட்டது. கார் ஒர்க்‌ஷாப் பெயிண்டரைக் கெஞ்சி, பள்ளத்தில் புட்டிப் பசை வைத்து அடைத்து, மேலே அதே பச்சையை அடித்து, ஒன்றும் தெரியாதவள் போல மாடிப்படிக்குக் கீழே நிறுத்திவிட்டாள்.

அன்றிலிருந்து மாமியார் துடைக்கிற துணியோடு அந்தப் பக்கம் போனாலே இவள் ஏதாவது சாக்குச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவாள். திட்டு விழுமே என்றுகூட இல்லை. மாமியார் வாயில் 'வாம்மா, போம்மா' போய், இப்போதுதான் 'கண்ணு' வர ஆரம்பித்திருந்தது. அது நின்றுவிடுமோ என்றுதான் பயம்.

சக்கரம், சீட் எல்லாவற்றையும் கணவன் கழற்றிக் கொடுத்தான். வெறும் ஃபிரேமை மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கடைக்குத் தூக்கிப் போனார்கள்.

கோட்டிங் கடையை நடத்துவது ஒரு பெண்மணி. பின்னால் அறை அளவுக்கு ஓர் அடுப்பு உறுமிக்கொண்டிருந்தது.

"பெயிண்டுன்னா மேலாக்கத் தேய்ச்சுட்டு அடிச்சிடுவேன். பவுடர்னா, மணலைப் பீய்ச்சி அடிச்சு பழைய பெயிண்டை மொத்தமா எடுக்கணும். வெறும் இரும்பு தெரியணும். அப்புறம்தான் பவுடர் தூவி அடுப்புல வைப்போம்."

மருமகளின் பார்வை ஹேண்டில் பக்கம் ஓடியது.

"பழைய பெயிண்ட் மேலேயே தூவ முடியாதாம்மா?" என்று கேட்டார் மாமியார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி.

"நிக்காதும்மா. உள்ளே புட்டி கிட்டி இருந்தாலும் ஆகாது, சூட்டுல வெடிச்சுக் கொட்டிடும். இருங்க, இப்பவே பார்த்துடலாம்."

டிராயரைத் திறந்து ஒரு காந்தத்தை எடுத்தாள் கடைக்காரி. "இரும்புன்னா பிடிச்சுக்கும். புட்டின்னா வழுக்கிடும்."

பின்சக்கரம் மாட்டுகிற இடத்தில் காந்தத்தை ஒட்டவைத்து, அப்படியே குழாயோடு இழுத்துக்கொண்டே வந்தாள். மருமகள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

டக்!

காந்தம் தரையில் விழுந்த சத்தம்.

"அட, இங்கே புட்டி இருக்கே! யாரோ இடிச்சுட்டு..."

"நான்தான்!" கண்ணைத் திறக்காமலே கத்தினாள் மருமகள். "நான்தான் அத்தை இடிச்சேன். நீங்க ஊர்ல இல்லாதப்போ எடுத்துட்டுப் போய் கம்பத்துல மோதிட்டேன். சொல்லப் பயந்துக்கிட்டு புட்டி வெச்சு மறைச்சுட்டேன். அதான் பெயிண்ட், பெயிண்டுன்னு உயிரை வாங்கினேன். மன்னிச்சிடுங்க அத்தை."

கொட்டித் தீர்த்தபின் மெல்லக் கண்ணைத் திறந்தாள். மாமியார் முகத்தில் கோபத்தைத் தேடினாள். வியர்வைதான் இருந்தது.

"அழாதே கண்ணு," என்றார் மாமியார். "இரும்புதானே போனா போவுது. உனக்கு அன்னிக்கு அடி கிடி படலையே?"

மருமகளுக்கு அழுகை இன்னும் பொங்கிக்கொண்டு வந்தது. கண்ணு! இப்போதும் கண்ணுதான்!

"மிச்ச இடத்தையும் பார்த்துடறேன்" என்று கடைக்காரி குனிந்து காந்தத்தை எடுத்தாள்.

"வேணாம், வேணாம்!" அவசரமாக ஃபிரேமைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் மாமியார். "பெயிண்டே அடிச்சிடுங்க. அதே பச்சை."

"உரிஞ்சுபோனா என்னைக் குறை சொல்லக் கூடாதும்மா."

"உரிஞ்சா மறுபடி அடிச்சுக்கறோம். எங்க பாடு அது."

திரும்பி வரும் வழியெல்லாம் மருமகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. எத்தனை வார இரவுத் தூக்கம், ஒரே நிமிஷத்தில் திரும்பக் கிடைத்துவிட்டதே! மனசு தாங்காமல் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு அத்தை! ஒரு வார்த்தை திட்டலையே நீங்க."

மாமியார் நடையை நிறுத்தினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எந்த வாயால திட்டறது? நீ ஹேண்டில்கிட்ட புட்டி வெச்சதை நான் ஊர்லேருந்து வந்த அன்னிக்கே பார்த்துட்டேன். நீயா வந்து சொல்லுவேன்னுதான் பேசாம இருந்தேன்."

"தெரிஞ்சே இருந்தீங்களா!" மருமகள் பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள். "அப்போ கடையிலே, காந்தம் விழுந்தப்போ உங்களுக்கு ஏன் அப்படி வேர்த்துக் கொட்டிச்சு?"

"அது ஹேண்டில் வரைக்கும் போகவே இல்லை கண்ணு. சீட்டுக்குக் கீழேயே விழுந்துடுச்சு. அந்தப் புட்டி, பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நானே இடிச்சுட்டு, உன் புருஷனுக்குக்கூடத் தெரியாம வெச்சது!"